பட்டா யார் பேரில்?

2022 மார்ச் 10 இரவு லண்டனின் செல்சீ கால்பந்து அணி நார்விச்சில் ஆடி 3-1 என்று வென்றது. கோல் விழும்போதுகூட என் மனம் ஆட்டத்தில் ஒட்டவில்லை. அன்று காலைதான் பிரிட்டன் அரசு கிளப்பின் முதலாளியான ரஷ்யப் பணக்காரர் ரோமன் அப்ரமோவிச்சின் சொத்துகளை முடக்கியிருந்தது. கிளப்பும் அவர் சொத்துகளில் ஒன்று. புதிதாக டிக்கெட் விற்கக் கூடாது, கடையில் ஒரு சட்டை விற்கக் கூடாது, ஆட்டக்காரர்களோடு புது ஒப்பந்தம் போடக் கூடாது. அரசு கொடுத்த சிறப்பு உரிமம் ஒன்றின் தயவில்தான் அணி களத்தில் இறங்கியது. ஏறக்குறைய 19 வருடம் ஒரே மனிதரின் பணத்தில் ஓடிய கிளப், ஒரே காலையில் முடக்கப் பட்டியலில் ஒரு வரியாகிவிட்டது.

அந்த இரவு தூக்கம் வராமல் நான் தேடித் தேடிப் படித்தது ஒரே விஷயத்தைத்தான். கிளப்பை யாரோ வாங்கட்டும், எங்கள் மைதானமான ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ் நிற்கும் மண் யார் பேரில் இருக்கிறது? விடை எனக்கு முன்பே தெரியும். அது அப்ரமோவிச்சின் பேரில் இல்லை. கிளப்பின் பேரிலும் இல்லை. ஆயிரக்கணக்கான சாதாரண ரசிகர்கள் பங்கு போட்டு வைத்திருக்கும் ஒரு சிறிய நிறுவனத்தின் பேரில் இருக்கிறது. தெரிந்திருந்தும், 2011-இல் அந்த ரசிகர்கள் மேல் கடுங்கோபத்தில் இருந்தவன் நான். அந்தக் கோபம் எப்படித் தவறாய்ப் போனது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இந்த மைதானத்தின் கதையைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் முதலில் கிளப் பிறக்கும், அப்புறம் அது ஆட இடம் தேடும். செல்சீயில் இது தலைகீழ். கஸ் மியர்ஸ் என்ற தொழிலதிபர் 1904-இல் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ் என்ற தடகள மைதானத்தை வாங்கினார். பக்கத்திலேயே இருந்த ஃபுல்ஹம் கிளப்பை இங்கே வந்து ஆடும்படி கேட்டார். அவர்கள் தங்கள் கிரேவன் காட்டேஜ் மைதானத்தை விட்டு வர மறுத்துவிட்டார்கள். சரி, நாமே ஒரு கிளப் தொடங்கிவிடலாம் என்று 1905 மார்ச்சில் தொடங்கியதுதான் செல்சீ. காலியாகக் கிடந்த மைதானத்துக்காகப் பிறந்த கிளப் இது. 1935-இல் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தை அங்கே 82,905 பேர் பார்த்தார்கள்.

1970களின் தொடக்கத்தில் மைதானம் முழுவதையும் புதுப்பிக்கும் பெரிய திட்டம் ஒன்று போட்டார்கள். முதல் படியாகக் கிழக்கு ஸ்டாண்ட், அதாவது அந்தப் பக்கத்துப் பார்வையாளர் அரங்கு. வேலை இழுத்தது, செலவு எகிறியது. 1974-இல் ஸ்டாண்டைத் திறந்தபோது கிளப் கழுத்துவரை கடனில் நின்றது. 1975-இல் அன்றைய உச்ச லீக்கான முதல் டிவிஷனிலிருந்தே கீழே இறங்கியது. திட்டத்தின் மற்ற பகுதிகள் காகிதத்திலேயே நின்றுவிட்டன. ஒரே ஒரு ஸ்டாண்ட் ஒரு கிளப்பைக் கவிழ்க்கும் என்று என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் சின்ன வயதில் நம்பியிருக்க மாட்டேன்.

1982-இல் கென் பேட்ஸ் அந்தக் கிளப்பை ஒரு பவுண்டுக்கு வாங்கினார். ஒரே ஒரு பவுண்டு. கூடவே கடன் வந்தது, மண் வரவில்லை. கடன் நெருக்கடியில் மைதானம் தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அதன் பங்குகள் மார்லர் எஸ்டேட்ஸ் என்ற நில வியாபார நிறுவனத்தின் கைக்குப் போயின. மேற்கு லண்டனில் அவ்வளவு பெரிய மனையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பந்து உதைப்பதைவிட வீடு கட்டி விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். கிளப் வேறு யாருடைய மைதானத்திலாவது ஒண்டிக்கொள்ளட்டும் என்பது அவர்கள் எண்ணம். பத்து வருடம் இந்த இழுபறி நடந்தது. கடைசியில் நிலச் சந்தை சரிந்தது. மார்லரை வாங்கியிருந்த காப்ரா எஸ்டேட்ஸ் 1992-இல் திவாலானது. பேட்ஸ் வங்கியோடு பேசி மைதானத்தைக் கிளப்பின் பிடிக்குத் திரும்பக் கொண்டுவந்தார். சந்தை சரியாமல் இருந்திருந்தால் இன்று அங்கே அடுக்குமாடிகள் நின்றிருக்கும்.

இனி இப்படி நடக்கவே கூடாது என்று 1993-இல் உருவாக்கியதுதான் செல்சீ பிட்ச் ஓனர்ஸ் என்ற அந்த ரசிகர் நிறுவனம். ஒரு பங்கு 100 பவுண்டு. யார் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு 100 வாக்குக்கு மேல் கிடையாது. மண்ணின் முழு உரிமையை இந்த நிறுவனம் வாங்கி, பேருக்கு ஒரு வாடகையில் கிளப்புக்கே 199 வருடக் குத்தகைக்கு விட்டது. ஆங்கிலச் சட்டத்தில் இதை மிளகு வாடகை என்பார்கள், ஒரு மிளகு கொடுத்தால் போதும் என்ற பொருளில். கூடவே ஒரு கொக்கியும் போட்டார்கள். செல்சீ ஃபுட்பால் கிளப் என்ற பெயர் இந்த நிறுவனத்துக்குச் சொந்தம். பங்குதாரர்களின் சம்மதமில்லாமல் அணி ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜை விட்டுப் போனால் அந்தப் பெயரோடு போக முடியாது.

பத்து வருடம் கழித்து அப்ரமோவிச் வந்தார், கோப்பைகள் வந்தன. மைதானம் மட்டும் ஏறக்குறைய 40,000 இருக்கைகளோடு அப்படியே இருந்தது. ஆர்சனல் 2006-இலேயே 60,000 பேர் உட்காரும் எமிரேட்ஸுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 20,000 டிக்கெட் வித்தியாசம். ஒரு சீசனுக்குக் கணக்குப் போட்டால் ஒரு நல்ல ஆட்டக்காரரின் விலை வரும். நான் அந்தக் கணக்கை எத்தனையோ முறை போட்டிருக்கிறேன்.

2011 அக்டோபரில் கிளப் நிர்வாகம் ரசிகர்களிடமிருந்து மண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கேட்டது. பங்கை வாங்கிய விலைக்கே திருப்பித் தருவார்கள். 2020-க்குள் வேறு இடம் போனாலும் மூன்று மைல் வட்டத்துக்குள்தான் போவோம் என்று வாக்குறுதியும் கொடுத்தார்கள். தீர்மானம் நிறைவேற 75 சதவீத வாக்கு வேண்டும். கிடைத்தது 61.6 சதவீதம்தான். தோற்றது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கிளப்புக்காகத் தன் பணத்தைக் கொட்டிய ஒரு மனிதரை நம்பாமல், கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு கிளப்பின் வளர்ச்சியையே தடுக்கிறார்களே என்று நினைத்தேன். சக ரசிகர்களோடு விடிய விடிய வாதாடினேன். ‘இவர் போனால் அடுத்து வருபவர் யார் என்று உனக்குத் தெரியுமா?’ என்று ஒருவர் கேட்டார். அவர் ஏன் போகப்போகிறார் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அதற்கான பதில் கிடைக்கப் பத்து வருடம் ஆனது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்தது. மார்ச் 2-ஆம் தேதி அப்ரமோவிச் கிளப்பை விற்கப்போவதாக அறிவித்தார். எட்டு நாளில் சொத்துகள் முடங்கின. மே 30-ஆம் தேதி கிளப் டாட் போலி, கிளியர்லேக் என்ற அமெரிக்க முதலீட்டாளர் குழுவின் கைக்குப் போனது. 250 கோடி பவுண்டு விலை, அதற்கு மேல் மைதானம், இளையோர் அகாடமி, பெண்கள் அணி எல்லாவற்றுக்குமாக 175 கோடி பவுண்டு முதலீடு செய்வதாக வாக்குறுதி. 2011-இல் நான் விரும்பியபடி அந்தத் தீர்மானம் ஜெயித்திருந்தால் மண்ணும் அந்த முடக்கத்தில் சிக்கி, அப்புறம் அந்த விற்பனையில் சேர்ந்து கைமாறியிருக்கும். அந்த மூன்று மாதத்தில் கிளப்பில் எல்லாம் ஆடியது. ஆடாமல் நின்றது, நான் திட்டிய ரசிகர்கள் விட்டுக்கொடுக்க மறுத்த அந்த மண் ஒன்றுதான்.

கிளப் விற்பனை என்றால் நமக்குக் கண்ணில் படுவது விலையும் புது முதலாளியின் முகமும்தான். எந்த ஆட்டக்காரரை வாங்குவார் என்றுதான் கேட்கிறோம். பழைய மைதானத்தை இடித்துக் கட்டுவாரா, வேறு இடத்துக்கு மாற்றுவாரா என்ற கேள்வி அந்த விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. 40,000 இருக்கை உள்ள கிளப்பை வாங்குபவர் 60,000 இருக்கையின் வருமானத்தை மனதில் வைத்துத்தான் விலை சொல்கிறார். 2025-26 சீசன் வரையான பிரீமியர் லீக்கின் நஷ்ட வரம்புக் கணக்கில் கட்டுமானச் செலவைக் கழித்துவிடலாம் என்பதால் கட்டுவதற்குத் தடையும் இருக்கவில்லை. அதே கணக்குக்காக மனையையும் கட்டடத்தையும் பிரித்து விற்பதும் நடந்தது. செல்சீயே மைதானத்தை ஒட்டியிருந்த தன் இரண்டு ஹோட்டல்களைத் தன் முதலாளிகளின் இன்னொரு நிறுவனத்துக்கு 7.65 கோடி பவுண்டுக்கு விற்றதாகக் கணக்குக் காட்டியது. டெர்பி கவுண்டி கிளப்பின் முதலாளி 2018-இல் பிரைட் பார்க் மைதானத்தைக் கிளப்பிடமிருந்து தன் சொந்த நிறுவனத்துக்கே வாங்கிக்கொண்டார். 2021-இல் டெர்பி திவால் நிர்வாகத்துக்குள் போனபோது கிளப்பை மீட்க வந்தவர்கள் கிளப்புக்கு ஒரு பேச்சு, மைதானத்துக்கு ஒரு பேச்சு என்று தனித்தனியாகப் பேச வேண்டியிருந்தது.

இன்னும் மோசமாக நடந்ததும் உண்டு. பிரைட்டன் கிளப்பின் நிர்வாகம் 1995-இல் கோல்ட்ஸ்டோன் மைதானத்தை நில நிறுவனத்துக்கு விற்றது. மாற்று இடம் என்று ஒன்று கையில் இல்லாமலே விற்றார்கள். 1997 ஏப்ரல் 26-ஆம் தேதி அங்கே கடைசி ஆட்டம் நடந்தது. முடிந்ததும் ரசிகர்கள் புல்லைப் பெயர்த்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். மைதானம் இருந்த இடத்தில் இப்போது கடைகள். அணி இரண்டு வருடம் எங்கோ தொலைவில் கில்லிங்கம் மைதானத்தில் ஆடியது. அப்புறம் 12 வருடம் வித்டீன் என்ற தடகள மைதானம். 2011-இல்தான் சொந்த ஸ்டேடியம் அமைந்தது. அந்த 14 வருடமும் கிளப் உயிரோடு இருந்தது ரசிகர்கள் விடாமல் பிடித்துக்கொண்டதால்தான்.

விம்பிள்டன் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1991-இல் பிளவ் லேன் மைதானத்தை விட்டு வாடகைக்குப் போனார்கள். மண்ணை சூப்பர் மார்க்கெட்டுக்கு விற்றுவிட்டார்கள். 2003-இல் முதலாளிகள் கிளப்பையே மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பே ரசிகர்கள் ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புதுக் கிளப் தொடங்கி, கீழ்மட்டத்திலிருந்து ஏறி வந்து, 2020 நவம்பரில் பழைய பிளவ் லேனுக்குப் பக்கத்திலேயே தங்கள் பணமும் போட்டுக் கட்டிய மைதானத்தில் ஆடினார்கள். மண்ணை இழந்த கிளப்பு திரும்பி வர 29 வருடம்.

இதையெல்லாம் வைத்து இடமாற்றம் என்றாலே தீமை என்று நான் சொல்ல வரவில்லை. லிவர்பூல் நகரத்தின் எவர்ட்டன் கிளப்பைப் பாருங்கள். அவர்கள் முதலில் ஆடியதே ஆன்ஃபீல்டில்தான். 1892-இல் மைதானக்காரரோடு வாடகைத் தகராறு வந்ததால் வெளியேறி, பூங்காவுக்கு மறுபக்கம் குடிசன் பார்க்கைக் கட்டிக்கொண்டார்கள். காலியாகிப்போன ஆன்ஃபீல்டில் ஆட மைதானக்காரர் தொடங்கிய கிளப்தான் லிவர்பூல். 133 வருடம் குடிசனில் ஆடிய எவர்ட்டன் 2025-இல் பிராம்லி-மூர் கப்பல் துறையில் கட்டிய புது ஸ்டேடியத்துக்குப் போனது. நடுவில் பட்ட பாடு கொஞ்சமில்லை. கிங்ஸ் டாக் திட்டம் 2003-இல் பணமில்லாமல் விழுந்தது, கர்க்பி திட்டத்தை 2009-இல் அரசு நிராகரித்தது. கட்டுமானம் பாதியில் இருக்கும்போது ரஷ்ய விளம்பரப் பணம் நின்றது. 777 பார்ட்னர்ஸ் என்ற நிறுவனம் கிளப்பை வாங்குவதாக ஒப்பந்தம் போட்டு மாதக்கணக்கில் இழுத்து, 2024-இல் அது கலைந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஃப்ரீட்கின் குழு வாங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. ஸ்டேடியம் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கூரை ஏறிக்கொண்டிருக்கும்போதே முதலாளி மாறுவது எவ்வளவு ஆபத்தான விளையாட்டு என்று அந்த இரண்டு வருடம் காட்டியது. எனக்குப் பிடித்தது ஒன்று: இடிப்பதாக இருந்த குடிசனை விட்டுவைத்து எவர்ட்டன் பெண்கள் அணிக்குக் கொடுத்தார்கள்.

பூங்காவின் மறுபக்கம் நடந்தது நேரெதிர். 2007-இல் ஹிக்ஸ், ஜில்லெட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் லிவர்பூலை வாங்கி, 60 நாளில் ஸ்டான்லி பார்க்கில் புது ஸ்டேடியத்துக்கு மண்வெட்டி இறங்கும் என்றார்கள். ஒரு மண்வெட்டியும் இறங்கவில்லை. கிளப்பை வாங்கிய கடன் கிளப்பின் தலையிலேயே ஏறியது. 2010 அக்டோபரில் நீதிமன்றம் வரை போய், 30 கோடி பவுண்டுக்கு ஜான் ஹென்றியின் குழு வாங்கியது. அவர்கள் ஆற அமர யோசித்து ஆன்ஃபீல்டிலேயே தங்கினார்கள். பழைய மெயின் ஸ்டாண்டில் ஆட்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்க, அதன் முதுகுக்குப் பின்னால் புது ஸ்டாண்டின் இரும்பு எழுந்தது. 2016-இல் திறந்தார்கள், அணி ஒரு ஆட்டம்கூட வேறு இடத்தில் ஆட வேண்டியிருக்கவில்லை. அப்புறம் ஆன்ஃபீல்ட் ரோடு பக்கம். இப்போது 61,000 பேர். இதற்கும் ஒரு விலை இருந்தது. விரிவாக்கத்துக்கென்று கிளப் வருடக்கணக்காக வாங்கிப் பூட்டிவைத்த வீடுகளால் அந்தத் தெருக்கள் பாழடைந்தன. மீதமிருந்த குடும்பங்கள் அதற்குள் வாழ்ந்தார்கள். மைதானம் விரிந்ததைக் கொண்டாடும்போது அவர்களையும் நினைக்க வேண்டும்.

செல்சீயால் லிவர்பூல் போல ஒவ்வொரு ஸ்டாண்டாகக் கட்டிவிட முடியுமா? அங்கேதான் சிக்கல். ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜின் பின்னால் ரயில் பாதை, அதைத் தாண்டி பிராம்ப்டன் கல்லறைத் தோட்டம், முன்னால் ஃபுல்ஹம் ரோடு, சுற்றிலும் வீடுகள். ஆட்கள் உள்ளே வரவும் அவசரத்தில் வெளியேறவும் வழி குறைவு. மேலே உயர்த்தினால் பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் மறையும். 2017-இல் அனுமதி கிடைத்த திட்டம் இதற்கெல்லாம் பதில் சொல்லியிருந்தது. ஹெர்சாக், டி மியூரோன் கட்டடக்கலை நிறுவனம் வரைந்தது: தரையைத் தோண்டித் தாழ்த்தி, ரயில் பாதைக்கு மேல் தளம் போட்டு, செங்கல் தூண்கள் சூழ 60,000 பேருக்கு. அந்த வரைபடத்தைப் பார்த்த அன்று நான் அடைந்த சந்தோஷத்தை மறக்க முடியாது. 2018 மே மாதம் அப்ரமோவிச்சின் பிரிட்டன் விசா தாமதமானது. அந்த மாதக் கடைசியில் முதலீட்டுச் சூழல் சரியில்லை என்று திட்டத்தை நிறுத்தினார்கள்.

புது முதலாளிகள் 2023-இல் மைதானத்தை ஒட்டிய ஸ்டோல் மேன்ஷன்ஸ் வளாகத்தில் 1.2 ஏக்கரை ஏறக்குறைய 8 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டார்கள். முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. முன்னாள் வீரர்கள் வாழ்ந்த இடம். அந்த நிலம் கிடைத்தால் வெளியேறும் வழிச் சிக்கல் நிறையத் தீரும் என்று கணக்காக எனக்குப் புரிகிறது. அங்கிருந்து வேறு வீட்டுக்குப் போக வேண்டியவர்களை நினைத்தால் மனசு கனக்கிறது. அவர்களுக்கு நல்லபடியாக மாற்று வீடு அமைவதையும் ஸ்டேடியச் செலவின் ஒரு பகுதியாகத்தான் நாம் பார்க்க வேண்டும்.

மற்ற வழி ஏர்ல்ஸ் கோர்ட். கண்காட்சி அரங்கம் இடிக்கப்பட்டுக் கிடக்கும் பெரிய மனை, நடந்தே போகிற தூரம். அங்கே கட்டினால் கட்டி முடியும்வரை பழைய மைதானத்திலேயே ஆடலாம். இங்கேயே இடித்துக் கட்டினால் அணி சில வருடம் வெளியே ஆட வேண்டும். டாட்டன்ஹம் அப்படித்தான் பழைய மைதானம் இருந்த இடத்திலேயே புதிதாகக் கட்டியது. வெம்ப்ளி தேசிய மைதானத்தில் ஒரு சீசன் என்று கிளம்பியவர்கள் 2019 ஏப்ரலில்தான் வீடு திரும்பினார்கள். ஏர்ல்ஸ் கோர்ட்டை விரும்புபவர்களின் வாதம் எனக்கு நன்றாகவே புரிகிறது. அந்த மனையை வைத்திருப்பவர்கள் 2024-இல் கொடுத்த திட்டத்தில் ஸ்டேடியம் என்று ஒன்று இல்லை என்பது வேறு விஷயம்.

என் விருப்பம் தங்குவதுதான். வெம்ப்ளியில் நான்கு வருடம் ஆட வேண்டியிருந்தாலும் சரி. மியர்ஸ் வாங்கிய அந்த மண்ணுக்காகவே பிறந்த கிளப் அங்கேயே வளரட்டும். இங்கிலாந்தில் 2025-இல் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டப்படி மைதானத்தை விற்கவோ இடம் மாற்றவோ கிளப்புகள் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பிடம் அனுமதி பெற வேண்டும். பிரைட்டனுக்கும் விம்பிள்டனுக்கும் அன்று இல்லாத காவல் இது, மனதார வரவேற்கிறேன். ஆனால் சட்டத்தை ஒரு அரசு கொண்டுவரும், இன்னொரு அரசு மாற்றும். பங்குதாரர்களின் 75 சதவீத வாக்கை அப்படி மாற்ற முடியாது.

போகத்தான் வேண்டும் என்று ஒருநாள் வாக்கெடுப்பு வந்தால், 2011-இல் கேட்காமல் விட்டதைக் கேட்பேன். புது மனையின் முழு உரிமையும் இதே பிட்ச் ஓனர்ஸ் பேரில் வர வேண்டும். அதே மிளகு வாடகை, அதே பெயர் நிபந்தனை, முதல் குழி வெட்டும் முன்பே பத்திரப் பதிவு. இரண்டு வருடம் முன்பு நானும் ஒரு பங்கு வாங்கினேன். பங்குச் சான்றிதழைப் பிரித்துப் பார்த்த அன்று, 2011-இல் என்னோடு வாதாடிய அந்த ரசிகருக்குத்தான் முதலில் செய்தி அனுப்பினேன். பழைய பேச்சை அவர் எடுக்கவே இல்லை. ‘பத்திரமா வச்சுக்க, ஓட்டு வரும்போது தேவைப்படும்’ என்று மட்டும் பதில் போட்டார்.